பின்வளவு ஹொட் டப்: முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது எப்படி

ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்கள் சிலருக்கு, பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஹொட் டப் ஒன்றும் வீட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. கோடை முழுக்க அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் ஆசையும் பயமும் ஒன்றாகக் கிளம்பும். வெளியே மைனஸ் 15, நாம் கழுத்தளவு சுடுதண்ணீருக்குள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் குழாய் உறைந்து வெடித்தால் ஆயிரக்கணக்கில் செலவு என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியும் இருப்பார்.

இரண்டும் உண்மைதான். ஒன்றைப் புரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும்: சூடாக ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் உறையாது. தொட்டிக்குள் இருக்கும் 1,500 லீட்டர் உறைவதற்கு நாள்கணக்காகும். ஆனால் பக்கப் பலகைக்குப் பின்னால் போகிற மெல்லிய குழாய்களில் தண்ணீர் நின்றுபோனால் அது முதலில் கட்டியாகி, விரிந்து, குழாயைப் பிளக்கும். தொட்டி நிற்கக் கூடாது, நின்றால் அன்றைக்கே நமக்குத் தெரிய வேண்டும். குளிர்காலப் பராமரிப்பு அவ்வளவுதான்.

கரண்டும் தரையும்

இது சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் ஹொட் டப் இணைப்புக்கு ஈஎஸ்ஏ எனப்படும் எலக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டியின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். பழைய வீட்டுக்காரர் எடுத்தாரா என்று கேளுங்கள், அவர் மழுப்பினால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கர் இல்லாத தொட்டிக்குள் இறங்கவே வேண்டாம். தண்ணீர், தொட்டி, ஐந்து ஆட்கள் என்று கூட்டினால் இரண்டு தொன்னுக்கு மேல் வரும், சாதாரண மர டெக் அதற்காகக் கட்டப்பட்டதில்லை. கொங்கிரீட் தளமோ, நன்றாக இறுக்கிய சரளைத் தளமோ வேண்டும். வேலி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பூட்டக்கூடிய மூடி இருந்தால் போதும் என்று சொல்லும் நகரசபைகளும் உண்டு, ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

குளிர் இறுகுவதற்கு முன் தண்ணீரை மாற்றுங்கள்

நவம்பர் நடுவில், வெளிச்சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாயை உள்ளிருந்து அடைப்பதற்கு முன், பூச்சியத்துக்கு மேலே இருக்கிற ஒரு நாளைப் பிடியுங்கள். அதற்கு முதல் நாள் குழாய்க்குள் படிந்த அழுக்கை எடுக்கும் திரவத்தை ஊற்றி ஜெட்டுகளை ஓட விடுங்கள். பழுப்பு நுரையும் சவ்வு போன்ற துணுக்குகளும் மேலே வரும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைச் செய்யாமல் புதுத் தண்ணீர் நிரப்பினால் அந்த அழுக்குக்குள் இருக்கும் கிருமி புதுத் தண்ணீரின் குளோரினை முதல் வாரத்திலேயே தின்றுவிடும்.

பிறகு இறைத்து, துடைத்து, பில்டர் இருக்கும் குழி வழியாக ஹோஸை விட்டு நிரப்புங்கள். அப்படி நிரப்பினால் பம்புக்குள் காற்று அடைபடுவது குறையும். குழாயில் வரும் தண்ணீர் 8 டிகிரியில் இருந்தால் 1,500 லீட்டரை 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 52 யூனிட் கரண்ட் தேவை. 4 கிலோவாட் ஹீட்டருக்கு அது 13 மணி நேர வேலை. சாதாரணச் சுவர்ப் பிளக்கில் சொருகும் 120 வோல்ட் தொட்டியின் 1.5 கிலோவாட் ஹீட்டருக்கு ஒன்றரை நாள் ஆகும். அந்த வகைத் தொட்டிகள் பலவற்றில் ஜெட் வேகமாக ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஜனவரி இரவில் நீங்கள் உள்ளே இருக்க இருக்கத் தண்ணீர் ஆறிக்கொண்டே போகும். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 240 வோல்ட்டையே வாங்குங்கள், எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

மருந்து போடும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்ட வேண்டாம். முதலில் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் அமில-கார அளவு சட்டென்று மாறாமல் பிடித்து வைக்கும் தன்மை. அது 80 முதல் 120 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) வர வேண்டும். அது நின்றபின் பிஎச், அதாவது அந்த அமில-கார அளவு, 7.2 முதல் 7.8. அப்புறம் கால்சியம், 150 முதல் 250. ரொறன்ரோவின் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் கடினத்தன்மை ஏற்கெனவே 120 அளவில் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் சேர்த்தால் போதும். வாட்டர்லூ, குவெல்ஃப் பக்கம் நிலத்தடி நீர் மிகவும் கடினமானது, அங்கே உள்ளவர்களுக்குச் சேர்க்கும் தேவையே வராது, சுண்ணாம்பு படிவதுதான் தலைவலி. கடைசியாகக் கிருமிநாசினி: குளோரின் என்றால் 3 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, புரோமின் என்றால் 4.

நீச்சல் குளத்துக்குப் போடும் பெரிய குளோரின் வில்லைகளை இதற்குள் போடாதீர்கள், அவை அமிலத்தன்மை கூடியவை. ஹொட் டப்புக்கு விற்கும் குளோரின் தூள் பெரும்பாலும் டைகுளோர். அதில் ஒரு சிக்கல் உண்டு. குளோரின் கரைந்து வேலை செய்து முடிந்த பின்னும் அதோடு வந்த சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கி, வாரத்துக்கு வாரம் கூடி, குளோரினின் பலத்தைக் குறைக்கும். அதனால்தான் பெப்ரவரியில் சோதனைப் பட்டியில் குளோரின் சரியாகக் காட்டினாலும் தண்ணீர் மங்கலாகவே இருக்கும். வார இறுதியில் மட்டும் இறங்குகிற குடும்பத்துக்கு நான் சொல்வது புரோமின்தான். மிதவைக்குள் வில்லை மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும், சூட்டிலும் நிலைத்து நிற்கும், இடையில் நாலு நாள் நீங்கள் மறந்தாலும் தாங்கும். ஒன்றைத் தேர்ந்தபின் மற்றதை வீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. குளோரின் தூளையும் புரோமினையும் ஒரே கரண்டியால் அள்ளினால்கூட வெப்பமும் விஷவாயுவும் வரலாம்.

ஜெட் ஓட ஓடப் பிஎச் மேலேதான் ஏறும், அது இயல்பு. குறைக்கும் தூள் ஒரு போத்தல் எப்போதும் கையில் இருக்கட்டும். குளோரின் வாசனை மூக்கைத் துளைத்தால் குளோரின் கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வேர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினின் வாசனை, நல்ல குளோரின் போதவில்லை என்பதற்கான அறிகுறி. ஷாக் எனப்படும், அழுக்கை எரித்துத் தள்ளும் கூடுதல் மருந்தைப் போட்டு, மூடியைத் திறந்தபடி 15, 20 நிமிடம் விடுங்கள். குளிராக இருக்கிறதே என்று உடனே மூடினால் அந்த வாயு மூடியின் அடிப்பக்கத்தை அரித்துவிடும்.

நம் வீட்டுக்கே உரிய ஒரு பிரச்சினை, எண்ணெய். கடையில் கொடுக்கும் கையேடுகள் லோஷன், மேக்கப் என்று மட்டும் சொல்லும், தலையில் வைத்த தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வரி இருக்காது. எண்ணெய்த் தலையோடு இரண்டு பேர் இறங்கினால் அடுத்த நாள் தண்ணீர் மட்டத்தில் சுற்றிவர ஒரு சாம்பல் கோடு தெரியும், விரலால் தேய்த்தால் வழுக்கும். பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், மடிப்புகளுக்கு நடுவே மெழுகு பூசியதுபோல மினுங்கும். அதைத் தண்ணீர் பீச்சி எடுக்க முடியாது. பில்டர் கழுவும் கரைசலில் இரவு முழுக்க ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே இறங்குவதற்கு முன் தலையும் உடம்பும் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள், மாமியார் என்றாலும் சரி. நீச்சல் உடையைச் சோப்புத் தூள் போடாமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள், நுரைக்குப் பாதிக் காரணம் துணியில் மிஞ்சிய சோப்புத்தான். பருத்திச் சாரமும் பழைய டீ-சர்ட்டும் நூல் உதிர்க்கும், வேண்டாம். வெள்ளி நகை, முத்துத் தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு இறங்கட்டும்.

பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அலசுங்கள். இதற்கு ஒரே ஒரு யோசனை: இரண்டாவது பில்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குப் பில்டரை எடுத்ததும் சுத்தமானதைப் போட்டு மூடிவிட்டு, எடுத்ததை பேஸ்மென்ட் தொட்டியில் ஆறுதலாகக் கழுவலாம். ஈரமான பில்டரை வெளியே வைத்தால் உறைந்து மடிப்பு வெடிக்கும்.

மூடிதான் உங்கள் கரண்ட் பில்

புது ஆட்கள் மருந்தைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள், மூடியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வெப்பம் போவது பெரும்பாலும் மேல்வழியாகத்தான். மூடிக்குள் இருக்கும் ஃபோம், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்தால், ஆவியைக் குடிக்கத் தொடங்கும். முன்பு ஒரு கையால் தூக்கிய மூடியை இப்போது இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தால் அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஈரமான ஃபோம் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. அதைக் காயவைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களை நான் கண்டதில்லை, புதிதுதான் வாங்க வேண்டும், அதுவும் ஒக்டோபருக்குள் ஓடர் கொடுத்துவிட வேண்டும்.

மூடி ஒழுகுகிறதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. லேசாகப் பனி விழுந்த அடுத்த காலை யன்னலால் எட்டிப் பாருங்கள். மூடி முழுக்க வெள்ளையாகச் சமமாக இருந்தால் நல்ல மூடி. நடு மடிப்பில் மட்டும் நேர்கோடாகப் பனி உருகியிருந்தால் அந்த மடிப்பு வழியாகக் காசு போகிறது. ஒரு மூலையில் மெல்லிய ஆவி எழும்பினால் அங்கே விளிம்பு சரியாகக் குந்தவில்லை, பட்டியை இறுக்குங்கள். தண்ணீரின் மேல் மிதக்க விடும் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கும், அது மூடியையும் ஆவியிலிருந்து காக்கும்.

கனமான பனியை மூடியில் விட்டு வைக்காதீர்கள், நடுவில் வளைந்துவிடும். மென்மையான தும்புத்தடியால் தள்ளுங்கள், பனி அள்ளும் சவலை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பிளாஸ்டிக் கிளிப் உறைந்திருந்தால் இழுத்தால் முறியும், ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் விடும். கொதிதண்ணீர் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் ஒரு பார்வை

காலையில் தேநீரோடு யன்னலடிக்குப் போகும்போது முகப்பில் எண் எரிகிறதா, பம்பின் இரைச்சல் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீர் ஓட்டம் குறைவு என்று எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பில்டர் அடைபட்டிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். குளிர்காலக் காற்று வறண்டது, திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆவியாகப் போகும், பிள்ளைகள் குதித்தால் இன்னும் போகும். மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும், பிறகு ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது. வெளிக் குழாயை அடைத்துவிட்டதால், பேஸ்மென்ட் சலவைத் தொட்டியின் குழாயில் பொருந்துகிற ஹோஸ் ஒன்றை வீட்டுக்குள்ளேயே சுருட்டி வைத்திருங்கள். இல்லாவிட்டால் வாளிதான்.

வெப்பநிலையை 37, 38இல் நிலையாக விடுங்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று வார நாட்களில் 20க்கு இறக்குவது குளிர்காலத்தில் சரிவராது. 1,500 லீட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றேமுக்கால் யூனிட் வேண்டும், வெள்ளி இரவு நீங்கள் இறங்க நினைக்கும்போது அது இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். மிச்சம் பிடிக்க நல்ல வழி நேரத்தை மாற்றுவது. ஒன்ராறியோவில் 2023 முதல் இருக்கும் அல்ட்ரா லோ ஓவர்நைட் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மிக மலிவு, வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப்போலப் பத்து மடங்கு விலை. அந்தத் திட்டத்தில் இருந்தால் பில்டர் ஓடும் நேரத்தை இரவுக்கு மாற்றி, மாலையில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மாலை நேரத்தில்தான் சமையலும் வீட்டுச் சூடும் நடக்கும் என்பதால், திட்டம் மாறுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்.

இறங்கும்போது

தொட்டிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள பாதையைத் துப்புரவாக்கிவிட்டு மணல் தூவுங்கள். உப்பு வேண்டாம், காலில் ஒட்டித் தண்ணீருக்குள் வரும். படியில் ரப்பர் விரிப்பு, காலில் பிடிப்புள்ள செருப்பு. துவாய்களை டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்து, கோடையில் பார்க்குக்குக் கொண்டுபோகும் கூலர் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். அரை மணி கழித்தும் சூடாகவே இருக்கும். தலைக்குக் கம்பளித் தொப்பி. நனைந்த முடி சில நிமிடத்தில் விறைத்து நிற்கும், அதற்கும் ரசிகர்கள் உண்டு, யூக்கோனில் வைட்ஹோர்ஸ் அருகே தக்கினி வெந்நீர் ஊற்றில் உறைந்த முடிக்குப் போட்டியே வைத்திருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தொட்டி விளிம்பில் இருக்கும் சிறிய திருகுகள் ஜெட்டுக்குள் வெளிக்காற்றை விடுபவை. மைனஸ் 15இல் அவற்றைத் திறந்தால் அந்தக் குளிர்க்காற்றைத்தான் தண்ணீருக்குள் ஊதுகிறீர்கள். குளிர்காலத்தில் அவற்றை அடைத்து வையுங்கள், ஜெட் கொஞ்சம் மென்மையாகும், சூடு நிற்கும்.

40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி உட்காருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள், இருதய நோய், பிரஷர், சுகர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா ஆசைப்பட்டால் 37க்குக் குறைத்து, பக்கத்தில் ஒருவர் இருந்து, எழும்பும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், திடீரென்று எழும்பினால் தலை சுற்றும். விஸ்கிக் கிளாஸோடு இறங்குவதை நான் ஆதரிக்கவில்லை. சூட்டில் இரத்த நாளங்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும், மதுவும் சேர்ந்தால் மயக்கம்தான், போதாததற்குக் கண்ணாடி உடைந்தால் முழுத் தண்ணீரையும் இறைக்க வேண்டும். இரண்டொரு நாளில் உடம்பில் சிவப்புப் பருக்கள் வந்தால் கிருமிநாசினி போதாமல் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தண்ணீரைச் சோதியுங்கள்.

நத்தாருக்கு எட்டுப் பேர் இறங்கினார்கள் என்றால் அன்றிரவே மருந்து போட்டு, அடுத்த காலை சோதியுங்கள். குளோரின் 3க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை போட்டு, அது ஏறும் வரை யாரையும் விட வேண்டாம்.

கரண்ட் போனால், ஊருக்குப் போனால்

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில வீடுகளுக்கு வர நாள்கணக்கானது. அப்படி நடந்தால் முதல் வேலை, மூடியைத் திறக்காமல் இருப்பது. அதன்மேல் பழைய போர்வையும் தார்ப்பாயும் போடுங்கள். நல்ல மூடி உள்ள நிறைந்த தொட்டி ஒரு நாளில் உறைந்துவிடாது. அதன் சூடே பக்கத்துக் குழாய்களையும் ஓரளவு காக்கும். இரண்டாம் நாளும் கரண்ட் வராமல், வெளியே கடுங்குளிர் என்றால், சிறிய ஜெனரேட்டரில் குறைந்த வாட் ஹீட்டர் ஒன்றைப் பம்ப் இருக்கும் பெட்டிக்குள், ஃபோமில் படாமல் வைக்கலாம். ஜெனரேட்டர் வெளியே, யன்னலிலிருந்து தூரத்தில். கராஜுக்குள் வைத்தால் காபன் மொனொக்சைட் ஆளையே கொன்றுவிடும்.

ஊர் முழுக்கக் கரண்ட் இருக்க உங்கள் தொட்டி மட்டும் இருண்டிருந்தால் ஜிஎஃப்சிஐ விழுந்திருக்கும். ஒரு தடவை நிமிர்த்துங்கள். திரும்ப விழுந்தால் மல்லுக்கட்டாமல் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ நாலு வாரம் போகிறவர்கள் பலர். அதற்காகத் தொட்டியை இறைத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வளைவுகளில் மிஞ்சும் தண்ணீரை ஊதி எடுத்து, விஷமற்ற இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் விட்டு மூடுவது அனுபவம் உள்ளவர் செய்யும் வேலை. அரைகுறையாகச் செய்தால் ஓடவிட்டுப் போவதைவிட மோசம். நிரம்ப வைத்து, 30க்குக் குறைத்து, மூடியைப் பூட்டி, பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை முகப்பு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போனுக்குத் தகவல் அனுப்பும் வைஃபை இணைப்பு உங்கள் தொட்டிக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. டெக்னீஷியன் நம்பரை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நவம்பரில் நிரப்பிய தண்ணீர் மார்ச் வரை போகும், அடிக்கடி ஆட்கள் இறங்கினால் அதற்கு முன்பே களைத்துவிடும். திரும்பவும் பூச்சியத்துக்கு மேலே ஒரு நாளைப் பிடித்து, சில நாட்களுக்கு முன்பே மருந்தை நிறுத்தி, குளோரின் பூச்சியமானதும் இறைக்கலாம். தெருவோரச் சாக்கடை மழைநீருக்கானது, அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகும், அங்கே விட வேண்டாம். டிரைவ்வேயில் விட்டால் இரவுக்குள் கண்ணாடி மாதிரி உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். சிறிய நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றைப் போட்டு பேஸ்மென்ட் வடிகாலுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் மண் இளகும் வரை பொறுத்திருந்து புல்தரைக்கு விடுங்கள்.